ஊருக்கு ஒரு புண்

காஞ்சிபுரம் போனால் காலாட்டிப் பிழைக்கலாம் என்று ஒரு பழமொழி உண்டு. சொன்னவன் குழித்தறியைப் பார்த்தவன். கேட்டவர்களில் பாதிப்பேர் பார்க்காதவர்கள். அவர்கள், இந்த ஊர் ஜனங்கள் வேலைவெட்டி இல்லாமல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருப்பதாகவும், காமாட்சியம்மன் வேளாவேளைக்குச் சோறு அனுப்பி வைப்பதாகவும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வீட்டுக் கூடத்தில் இடுப்பளவு குழி வெட்டி, அதன் விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு காலையும் உள்ளே தொங்கவிட்டு, விடிந்தது முதல் விளக்கு வைக்கும் வரை மிதிபலகையை மாற்றி மாற்றி மிதித்துப் பார்க்கட்டும். அப்புறம் பழமொழி பேசட்டும்.

பிள்ளையார்பாளையம் சபாபதி முப்பது வருஷமாக அப்படிக் காலாட்டியவர். ஒருநாள் குழிச்சுவரில் உரசி, இடது கணுக்காலுக்கு மேலே ஒரு சிராய்ப்பு வந்தது. சிராய்ப்பு என்றால் நாலு நாளில் போகவேண்டும். இது மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி தங்கிவிட்டது. இரண்டு வருஷம் ஆயிற்று. வாயுள்ளவர்கள் எல்லோரும் வைத்தியம் சொன்னார்கள். ஒருவர் மஞ்சள் என்றார், ஒருவர் புகையிலை என்றார், ஒருவர் போன ஜன்மத்துப் பாவம் என்றார். கடைசியில் ஒரு கம்பவுண்டர், "இப்படியே விட்டா காலை எடுத்துடுவாங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

கால் போனால் மிதி போச்சு. மிதி போனால் தறி போச்சு. சபாபதிக்கு வேறு தொழில் தெரியாது. அவர் பயந்தார். யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் நன்றாகவே பயந்தார்.

இந்தச் சமயத்தில்தான் 'ஆறாப்புண் இல்ல சிகிச்சை வாரியம்' காஞ்சிபுரத்துக்கு வந்தது. நடக்க முடியாத நோயாளி ஆஸ்பத்திரிக்கு வரவேண்டாம், நிபுணரே வீடு தேடி வந்து கட்டுப் போடுவார் என்பது ஏற்பாடு. நல்ல யோசனை. நல்ல யோசனை தானாக நடந்துவிடக் கூடாது என்பதற்காக அதற்கு ஒரு வாரியமும், வாரியத்துக்கு ஒரு நிர்வாக அதிகாரியும், அதிகாரிக்கு ஒரு ஜீப்பும் கொடுத்திருந்தார்கள். முன்னோடித் திட்டம் என்பதால் ஊருக்கு ஒரு புண் என்று அனுமதி. காஞ்சிபுரத்துக்கு உரிய புண்ணாகச் சபாபதியின் புண் தேர்வாயிற்று. தெருவே அவரைப் பொறாமையோடு பார்த்தது.

ஜீப் வந்தபோது சபாபதி குழியில் இருந்தார். அவர் மனைவி தில்லையம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து சேலைக் கரைக்கு நூல் ஓட்டும் நாடாவைத் தள்ளிக்கொண்டிருந்தாள். முதலில் உள்ளே வந்தவர் நிர்வாக அதிகாரி கலியாணசுந்தரம். கக்கத்தில் அரக்குக் கட்டியும் முத்திரையும் இருந்தன. பின்னால் வந்தவர் புண் நிபுணர் டாக்டர் சீனிவாசன். சீமையில் போய்ப் புண்ணைப் பற்றியே படித்து வந்தவர், நல்ல மனிதர். ஆனால் தலை நிமிர்ந்து யார் முகத்தையும் பார்த்ததில்லை. யாராவது வணக்கம் சொன்னால் அவர்களுடைய கால் விரல்களைப் பார்த்துத் தலையாட்டுவார். தம் மனைவியை எப்படி அடையாளம் கண்டுகொள்கிறார் என்று வாரியத்தில் எல்லோருக்கும் ஒரு சந்தேகம் இருந்தது.

"இதுதான் நோயாளியின் இல்லமா?" என்றார் கலியாணசுந்தரம்.

"ஆமாங்க. வாங்க சார், குந்துங்க."

"உட்காருவது பிறகு. இங்கே தறி ஓடுகிறது. தறி ஓடினால் அது தொழிற்கூடம்."

"நிறுத்திடறேன் சார்."

"நிறுத்தினால் ஓடாத தொழிற்கூடம்."

தில்லையம்மாள் எழுந்தாள். "இன்னா சார் இது? அடுப்பு அங்க இருக்குது, சாமி படம் இங்க இருக்குது. நாங்க படுக்கறது இந்தத் தறி பக்கத்துலதான். ஊடுதான் இது."

கலியாணசுந்தரம் குழியை மூன்று பக்கமும் சுற்றிவந்து பார்த்தார். நாலாம் பக்கம் பாவு நூலை நீளக் கட்டியிருந்ததால் போக முடியவில்லை. பிறகு முகம் மலர்ந்தது. "பிரச்சினை தீர்ந்தது டாக்டர். தரைக்கு மேலே இருப்பது இல்லம். தரைக்குக் கீழே நடப்பது தொழில். ஏம்பா, புண் எங்கே இருக்கிறது?"

"கால்ல."

"கால் எங்கே இருக்கிறது?"

"குழியில."

"பார்த்தீர்களா! முழங்காலுக்கு மேலே இவர் வீட்டில் இருக்கிறார். முழங்காலுக்குக் கீழே வேலைக்குப் போயிருக்கிறார். நம்முடையது இல்ல வாரியம். வேலைக்குப் போன காலைத் தொட நமக்கு அதிகாரம் கிடையாது. அது தொழிலாளர் இலாகா."

சபாபதி அவசர அவசரமாகக் காலைத் தூக்கித் தரைமேல் வைத்தார். "இதோ, ஊட்டுக்கு வந்துட்டுது சார்."

"அது செல்லாது. புண் உண்டானது எங்கே?"

"குழியிலதாங்க. செவுத்துல ஒரசிக்கிச்சு."

"அப்படியானால் புண்ணின் பூர்வீகம் குழி. தூக்கி வெளியே வைத்தால் பூர்வீகம் மாறிவிடுமா?" கலியாணசுந்தரம் குரலை உயர்த்தினார். அவருக்குப் பேச்சு வந்துவிட்டது என்று பொருள். "வாரியம் ஏழைகளுக்காகவே இருக்கிறது. ஏழைக்குச் செய்வதை அவசரப்பட்டுச் செய்துவிட்டால், நாளைக்கு ஏழையே நம்மைக் கேட்பான், ஏன் முந்தியே செய்யவில்லை என்று. அந்தக் கெட்ட பெயர் நமக்கு வேண்டாம். இந்த ஊரில் காலாட்டியே பிழைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். கொஞ்ச காலம் ஆட்டாமல் இருக்கட்டும். குழி யாருடையது என்று மேலிடம் முடிவு செய்யும் வரை குழிக்கு முத்திரை வைக்கிறோம்."

குழியை மூடப் பலகை வேண்டும் என்றார்கள். தில்லையம்மாளே பரணிலிருந்து இறக்கிக் கொடுக்க வேண்டியிருந்தது. அரக்கு உருக்க அவள் அடுப்பிலேயே நெருப்பு எடுத்துக்கொண்டார்கள். பாதி நெய்த சேலை தறியில் அப்படியே நின்றது.

டாக்டர் இத்தனை நேரமும் வாசலில் கிடந்த செருப்புகளின் தேய்மானத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். புறப்படும்போது சபாபதியின் காலைப் பார்த்து, காலிடமே பேசுவதுபோல, "நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வைக்கணும். எப்பவும் உயரத்தில்" என்றார். அன்றைக்கு அந்த வீட்டில் பேசப்பட்டதில் உருப்படியான பேச்சு அது ஒன்றுதான். அதனால் அதை யாரும் கோப்பில் எழுதவில்லை.

நெசவாளிக்குக் குழி இல்லாவிட்டால் உட்காரத் தெரியாது. சபாபதி இரண்டு நாள் கூடத்தில் முட்டி மோதிக்கொண்டு திரிந்தார். மூன்றாம் நாள் தில்லையம்மாள் ஒரு தவிட்டு மூட்டையைப் போட்டு, "அந்த டாக்டரு சொன்னாரே, ஒசரமா வையுங்க" என்று காலைத் தூக்கி அதன்மேல் வைத்தாள். கொதித்து ஆறிய உப்புநீரில் புண்ணைக் கழுவி, பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டினாள். வீட்டில் சோறு வேகவேண்டுமே என்று பக்கத்துத் தெருவுக்குப் பட்டு இழைத்துக் கொடுத்தாள். மேலிடம் யோசித்துக்கொண்டே இருந்தது. சபாபதி படுத்துக்கொண்டே இருந்தார். முப்பது வருஷமாகத் தொங்கிய கால், முதல்முறையாக மேலே இருந்து உலகத்தைப் பார்த்தது. வீக்கம் வடிந்தது. சீழ் நின்றது. ஓரத்திலிருந்து இளஞ்சிவப்பாகத் தோல் எட்டிப் பார்த்து, மெல்ல மெல்ல நடுவில் வந்து சேர்ந்துகொண்டது.

ஆடியில் முத்திரை வைத்தார்கள். தையில் முடிவு வந்தது. குழி, இல்லத்தின் ஒரு பகுதியே, ஆனால் இதை வேறு குழிகள் முன்னுதாரணமாகக் கொள்ளக் கூடாது.

மறுநாளே ஜீப் வந்தது. இம்முறை பஞ்சு, மருந்து, கட்டுத்துணி, ஒரு பச்சைத் திரை எல்லாம் வந்தன. சபாபதி வாசலுக்கே நடந்து வந்து வரவேற்றார்.

"புண் எங்கே?" என்றார் கலியாணசுந்தரம்.

"ஆறிப்போச்சு சார்! பாருங்க!" சபாபதி வேட்டியை முழங்கால் வரை தூக்கிக் காட்டினார். அவ்வளவு சந்தோஷம் அவருக்கு.

கலியாணசுந்தரம் சுவரைப் பிடித்துக்கொண்டார். "யாரைக் கேட்டு ஆற்றினாய்?"

"தானா ஆறிடுச்சுங்க."

"விசாரணையில் இருக்கிற புண் தானாக ஆறுமா? அதற்குத் துணிச்சல் வருமா?"

தில்லையம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "அது எங்க ஊட்டுக்காரரு காலு சார்."

"கால் அவருடையது அம்மா. புண் வாரியத்துடையது. ஊருக்கு ஒரு புண். காஞ்சிபுரத்துக்கு இதுதான். இது இல்லை என்றால் இங்கே வாரியம் இல்லை. வாரியம் இல்லை என்றால் நானில்லை, டாக்டரில்லை, ஜீப் இல்லை. இத்தனையையும் ஒரு தனிமனிதன் தன் சௌகரியத்துக்காக ஆற்றிக்கொள்வதா?"

"சரிங்க, தப்புதான்," என்றார் சபாபதி. "அந்தப் பலகைய மட்டும் எடுத்துட்டீங்கன்னா..."

"சிகிச்சை தொடங்கினால்தான் முத்திரையை உடைக்கலாம். புண் இருந்தால்தான் சிகிச்சை. இது விதி."

சபாபதி தறியைப் பார்த்தார். பாதிச் சேலையின்மேல் தூசி படிந்திருந்தது. ஓர் ஓரத்தில் எலி பல் வைத்திருந்தது. சபாபதி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அப்ப புண்ணு இருக்குதுன்னே வெச்சுக்குங்க சார்."

கலியாணசுந்தரத்துக்கு உயிர் வந்தது. பச்சைத் திரையைப் பிரிக்கச் சொன்னார். நோயாளி தன் புண்ணைத் தானே பார்த்தால் மனம் தளர்ந்துவிடுவான் என்று வாரியத்துக்கு ஒரு கொள்கை. ஆகவே கட்டுப் போடும்போது நடுவில் திரை நிற்கும். அடியில் ஒரு கிழிசல், அதன் வழியாகக் கால் மட்டும் டாக்டர் பக்கம் நீளும். நோயாளியின் மற்ற பாகங்கள் எல்லாம் திரைக்குப் பின்னால் காத்திருக்க வேண்டும்.

டாக்டர் சபாபதியின் காலைத் தடவித் தடவிப் பார்த்தார். "ஒன்றும் தெரியவில்லையே!" என்று முனகினார். நிபுணருக்கு ஒன்றும் தெரியவில்லை என்ற பேச்சு வெளியே போனால் நன்றாக இருக்காது என்று கலியாணசுந்தரம் காதோடு சொன்னார். "அப்படியானால் உள்ளே போயிருக்கிறது" என்றார் டாக்டர். பாதத்திலிருந்து முழங்கால் வரை இறுக்கிக் கட்டினார். மாதம் ஒருமுறை தாம் வந்துதான் அவிழ்க்க வேண்டும், வேறு யாரும் தொடக்கூடாது என்றார். "சென்னையில் நம் ஆஸ்பத்திரிக்கு மயக்க மருந்து கேட்டு எழுதியிருந்தேனே, அதில் இன்னும் கையெழுத்து ஆகவில்லையா?" என்று போகும்போது கேட்டார்.

"கையெழுத்து என்பது நெய் மாதிரி டாக்டர்," என்றார் கலியாணசுந்தரம். "கேட்டவர்களுக்கெல்லாம் ஊற்றிவிட முடியாது."

முத்திரை உடைந்தது. ஜீப் தெருமுனை திரும்புவதற்குள் சபாபதி குழியில் இருந்தார். காலில் சுற்றியிருந்த துணியைக் கட்டைவிரலால் நெருடிப் பார்த்தார். முப்பது வருஷப் பழக்கம், எந்தத் துணியையும் சும்மா விடாது.

"இன்னா நெசவு தில்லை இது? ஊடையே இல்ல. நடுவுல எருமை பூந்து போவும் போலக்குது. இத நெஞ்சவனுக்குத்தான் மொதல்ல வைத்தியம் பாக்கணும்."

மாதாமாதம் ஜீப் வந்தது. கட்டை அவிழ்த்துக் கட்டினார்கள். 'முன்னேற்றம் நிதானமாக இருக்கிறது' என்று எழுதிக்கொண்டார்கள். இல்லாத புண்ணுக்கு வேகமாக முன்னேற முடியாதுதான். யாருக்கும் நஷ்டமில்லை என்று சபாபதி நினைத்திருந்தார், கண்ணாயிரம் வந்து நிற்கும் வரை.

கண்ணாயிரம் வாலாஜாபாத் பக்கத்து விவசாயி. நெல் அறுக்கையில் வலது காலில் பட்ட வெட்டு, ஒரு வருஷமாக ஆறவில்லை. பஸ்ஸில் அவர் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை என்பது அவர் வாசலில் நின்றபோதே தெரிந்தது.

"அண்ணே, உங்களுக்கு எப்பண்ணே ஆறும்?" என்றார்.

சபாபதி விழித்தார்.

"எங்க ஊரும் காஞ்சிபுரம் கணக்குலதான் வருதாம். ஊருக்கு ஒரு புண்ணுதானாம். உங்குளுது ஆறினாத்தான் என்னுதைப் பாப்பாங்களாம். ஒரு வாரமா அந்த ஆபீசு வாசல்லியே குந்திக்கினு இருந்தேன். அந்த சாரு, 'போய் சபாபதியக் கேளு'ன்னுட்டாரு. கோச்சுக்காதீங்கண்ணே, நீங்க கொஞ்சம் சீக்கிரமா ஆறிடுங்கண்ணே. நடவுக்குள்ள நான் சேத்துல எறங்கணும்."

சபாபதிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நல்ல காலில் கட்டைக் கட்டிக்கொண்டு நான் உட்கார்ந்திருக்கிறேன், அழுகிற காலைத் தூக்கிக்கொண்டு இந்த மனுஷன் என்னிடம் பிச்சை கேட்கிறான். உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால், கலியாணசுந்தரம் அன்றைக்குச் சொன்னபடி, ஊரில் புண் இல்லை என்று ஆகிவிடும், வாரியம் மூட்டை கட்டும், கண்ணாயிரத்துக்கும் வைத்தியம் இல்லை. போகிற போக்கில் குழிக்கு மறுபடி அரக்கு வைத்துவிட்டும் போவார்கள். உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கம் இடி.

தில்லையம்மாள் மூலையில் மடித்துச் சாத்தியிருந்த பச்சைத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜீப்பில் இடமில்லை என்று வாரியம் அதை அங்கேயே விட்டுப் போவது வழக்கம்.

"ஏங்க," என்றாள், "அந்த டாக்டரு உங்க மூஞ்சிய எப்பனா பாத்துக்கிறாரா?"

அடுத்த முறை திரை வழியாக டாக்டர் பக்கம் நீண்டது கண்ணாயிரத்தின் கால். சபாபதி திரைக்குப் பின்னால் அவர் தலைமாட்டில் உட்கார்ந்து, டாக்டர் கேட்டதற்கெல்லாம் தம் குரலில் பதில் சொன்னார்.

புண்ணைக் கண்டதும் டாக்டர் சீனிவாசன் வேறு மனிதரானார். முனகல் போயிற்று. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அழுகிய சதையைப் பொறுமையாக எடுத்தார், கழுவினார், மருந்து வைத்தார், வலிக்குமே என்று ஊதிக்கூட விட்டார். அவ்வளவு பதமான கை. சீமைப் படிப்பு வீணாகவில்லை. கட்டி முடித்த பிறகுதான், "இது வலது கால் மாதிரி இருக்கிறதே" என்றார்.

"கோப்பில் இடது!" என்று வாசலிலிருந்து கத்தினார் கலியாணசுந்தரம்.

திரைக்குப் பின்னால் சபாபதி கண்ணாயிரத்தின் வாயைப் பொத்தினார்.

டாக்டர் கண்ணை மூடி யோசித்தார். "மருந்தின் வேகம். இடது காலில் இடமில்லாமல் விரட்டியதும், இரத்தத்தோடு ஏறி இடுப்பில் திரும்பி வலது காலில் இறங்கிவிட்டது. இதை நான் எங்கும் படித்ததில்லை."

"அது இருக்கட்டும். இடமாற்ற உத்தரவு இல்லாமல் அது எப்படி மாறலாம்?" என்றார் கலியாணசுந்தரம். பத்து நாளில் மேலிடத்திலிருந்து உத்தரவு வாங்கி, புண் இடது காலிலிருந்து விடுவிக்கப்பட்டு வலது காலில் பொறுப்பேற்றதாகப் பதிவு செய்துவிட்டார்.

கண்ணாயிரம் தவிட்டு மூட்டைமேல் காலை வைத்து அந்த வீட்டிலேயே கிடந்தார். நடவுக்குச் சேற்றில் இறங்கினார். அவருக்கு அடுத்து அங்கம்மாள் வந்தாள். காய்கறிக் கூடை சுமப்பவள், குதிகாலில் குழிப்புண். திரைக்கு வெளியே நீண்ட காலைப் பார்த்து டாக்டர், "விரலில் என்ன வெள்ளி?" என்றார்.

"வேண்டுதலுங்க," என்றார் சபாபதி.

"காலில் முடியெல்லாம் கொட்டிவிட்டதே!"

"மருந்து சூடுங்க."

டாக்டர் அதையும் குறித்துக்கொண்டார். பிறகு சாமி புறப்பாட்டுக்குத் தீவட்டி பிடிக்கும் குப்புசாமி வந்தார். எண்ணெய் சொட்டி முழங்காலுக்குக் கீழே பொத்துப்போன பழம்புண். அந்தக் கால் சபாபதி காலைவிட நாலு விரற்கடை நீளம், நிறமும் நல்ல கறுப்பு. "வளர்ந்திருக்கிறது" என்றார் டாக்டர், கவலையோடு.

ஊர் வாயை மூடிக்கொண்டிருந்தது. காஞ்சிபுரத்தில் ரகசியம் நிற்காது என்பார்கள். கால் விஷயம் என்றால் நிற்கும்.

ஒரே ஒருவருக்குத்தான் இதில் துக்கம். ஒருநாள் கட்டுப் போட்டு முடித்த டாக்டர் எழுந்திருக்காமல், திரையைப் பார்த்துச் சொன்னார். "சபாபதி, என்னை மன்னிச்சுடுங்க. ஒரு இடத்தில் மூடப் பார்த்தால் இன்னொரு இடத்தில் திறக்கிறது. இந்த ஊரில் எனக்குக் கொடுத்தது ஒரே ஒரு மனிதர். அவரைக்கூட என்னால் குணப்படுத்த முடியவில்லை."

திரைக்குப் பின்னால் சபாபதியின் கண் கலங்கிவிட்டது. சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தார். தில்லையம்மாள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

சொல்லியிருக்கலாம். ஏனென்றால் மேலிடம் இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்தது. புண் இடம் மாறுகிறது, கால் நீள்கிறது, முடி உதிர்கிறது, இரண்டு வருஷமாகியும் தீரவில்லை. மேலிடம் கூடிப் பேசி, இனி மற்ற உறுப்புகளாவது பிழைக்கட்டும் என்ற நல்லெண்ணத்தில் முடிவெடுத்தது.

ஒருநாள் காலை ஜீப்புக்குப் பின்னால் ஒரு வெள்ளை வண்டியும் வந்து நின்றது. கலியாணசுந்தரம் கையில் உத்தரவோடு கூடத்தில் நின்று, கல்யாணப் பத்திரிகை வாசிப்பதுபோல வாசித்தார். "நோயாளி சபாபதியின் இரண்டு கால்களையும் சென்னையிலுள்ள வாரிய மருத்துவமனையில் வைத்து, முழுவதும் வாரியத்தின் செலவில் எடுத்துவிட உத்தரவாகிறது."

குழியில் மிதி நின்றது.

"இது சாமானியமாகக் கிடைக்கிற சலுகை அல்ல," என்றார் கலியாணசுந்தரம். "ஒரு கால்தான் தருவதாக இருந்தார்கள். நான் வாதாடி இரண்டாக வாங்கினேன்."

சபாபதி குழியிலிருந்து ஒரே தாவாகத் தாவி வெளியே வந்தார். வாரியத்துக்காகச் சுற்றிவைத்திருந்த கட்டைப் பிய்த்து எறிந்தார். கூடத்தில் குதித்தார், ஒற்றைக் காலில் நின்றார், மற்றக் காலில் நின்றார். "நல்லா இருக்குது சார்! ரெண்டு காலும் நல்லா இருக்குது! பாருங்க!"

"நான் பார்த்து என்ன பயன்? கோப்பு வேறு மாதிரி சொல்கிறது. நீ குதிப்பதை நான் நம்பினால், இரண்டு வருஷமாக எழுதியதை யார் நம்புவது? கால் இன்றைக்கு இருக்கும், நாளைக்குப் போகும். எழுதியது நிற்கும்."

தில்லையம்மாள் தெருவில் இறங்கி, தலைவிரி கோலமாக, "குப்புசாமிண்ணா! அங்கம்மா! ஓடியாங்க, எங்க ஊட்டுக்காரரு கால வெட்டறாங்க!" என்று கூவினாள். குப்புசாமி கோயிலிலிருந்து தீவட்டியோடு ஓடி வந்தார். அங்கம்மாள் கூடையை நடுத்தெருவில் போட்டுவிட்டு வந்தாள். வயலில் விளைந்த வேர்க்கடலை கொடுக்க அன்றைக்கென்று வந்திருந்த கண்ணாயிரம், மூட்டையோடு உள்ளே நுழைந்தார்.

"காலெல்லாம் எங்குளுது சார்," என்றார் கண்ணாயிரம். "அவருது நல்ல காலு."

கலியாணசுந்தரம் சிரித்தார். "கோப்பில் ஒரே ஒரு சபாபதிதான் இருக்கிறார்."

கண்ணாயிரம் அவரோடு பேசவில்லை. குழி விளிம்பில் உட்கார்ந்து வலது காலை நீட்டினார். பக்கத்தில் அங்கம்மாள் புடவையைச் சற்று ஒதுக்கிக் குதிகாலைக் காட்டினாள். குப்புசாமி தம் நீளக்காலை நீட்டினார். டாக்டர் சீனிவாசன் குனிந்தார். அவருக்குத் தெரிந்த ஊருக்கு வந்துவிட்டதுபோல முகம் மாறியது. ஒரு தழும்பைத் தொட்டார். "இது... போன தையில். எலும்பு தெரிந்தது. மூடாது என்று நினைத்தேன்." அடுத்ததைத் தொட்டார். வெள்ளி மெட்டியைத் தொட்டார். "இங்கே ஓரத்தில் நான்தான் கத்தி வைத்தேன். மூடியிருக்கிறது. எல்லாம் மூடியிருக்கிறது!" நாலைந்து முறை அதையே சொன்னார். டாக்டர் கண்ணிலிருந்து நீர் அங்கம்மாளின் பாதத்தில் சொட்டியது. அவள் கூசிப்போய்க் காலை இழுத்துக்கொண்டாள்.

பிறகு டாக்டர் மெல்லத் தலையை நிமிர்த்தினார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"நீங்கள்லாம் யாரு?" என்றார்.

அவர்கள் பேர் சொன்னார்கள். கடைசியில் சபாபதியும் சொன்னார். டாக்டர் அவர் முகத்தை வெகுநேரம் பார்த்து, "குரலுக்கு ஏத்த முகம்" என்றார். பிறகு கலியாணசுந்தரம் பக்கம் திரும்பினார். "யாருடைய காலையும் எடுக்க வேண்டியதில்லை. நான் எழுதித் தருகிறேன்."

"எழுதித் தாருங்கள். அது மேலிடம் போய்த் திரும்பி வரட்டும். வண்டியை என்ன செய்வது?" கலியாணசுந்தரம் இப்போது உண்மையாகவே கலங்கினார். "நோயாளியை ஏற்றிவர அனுப்பிய வண்டி வெறும் வண்டியாகத் திரும்பினால், பெட்ரோலுக்கு யார் பதில் சொல்வது? என் இருபது வருஷ சர்வீசில் வெறும் வண்டி திரும்பியதில்லை."

யாரும் ஏற முன்வரவில்லை. கலியாணசுந்தரம் மேல்துண்டை உதறினார். "சரி. ஒப்புக்கு நானே படுத்துக்கொள்கிறேன். கணக்கு நேராகிவிடும்." கடமை என்று வந்துவிட்டால் அவர் கௌரவம் பார்க்கிறவர் அல்ல. வெள்ளை வண்டியில் ஏறிப் படுத்தார். வண்டிக்காரர் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, வழக்கப்படி உத்தரவை அதன்மேல் ஊசியால் குத்தினார்.

மீதிக் கதையை அடுத்த ஞாயிற்றுக்கிழமை டாக்டர் வந்து சொன்னார். ஜீப்பில் வரவில்லை, பஸ்ஸில் வந்தார். கையில் தம் சொந்தப் பணத்தில் வாங்கிய பஞ்சும் மருந்தும் இருந்தன. அலமு என்று ஒரு பூக்காரி அவருக்காகக் காத்திருந்தாள். முதலில் அவள் முகத்தைப் பார்த்துப் பேர் கேட்டார், ஊர் கேட்டார், பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார். புதுப் பழக்கம். எந்தக் காலில் புண் என்று கேட்க மறந்துவிட்டார், அவளே சொல்ல வேண்டியிருந்தது.

சென்னையில் வண்டியிலிருந்து இறக்கியவர்கள் கலியாணசுந்தரத்தின் முகத்தைப் பார்க்கவில்லையாம். காகிதத்தைத்தான் பார்த்தார்களாம். "நான் நிர்வாக அதிகாரி" என்று அவர் கத்தியிருக்கிறார். "போன வாரம் வந்தவன் தாசில்தார்னு சொன்னான்" என்று ஒரு வார்டு பையன் சமாதானம் சொன்னானாம். இரண்டு காலையும் கழுவி, அங்கேயும் ஒரு பச்சைத் திரையைக் கொண்டுவந்து நடுவில் நிறுத்திவிட்டார்கள்.

"அய்யோ, அப்பறம்?" என்றாள் தில்லையம்மாள்.

"மயக்க மருந்து இல்லை. நான் கேட்டு எழுதியதில் அவர்தான் கையெழுத்துப் போடவில்லையே! மருந்து வரட்டும், காலையில் பார்க்கலாம் என்று தள்ளி வைத்தார்கள். ராத்திரி வீட்டுக்கு வராத புருஷனைத் தேடிக்கொண்டு, விடிந்ததும் அந்த அம்மாள் டிபன் காரியரோடு வந்தாள். அவள்தான் திரையைத் தள்ளிவிட்டு முகத்தைப் பார்த்தாள்."

தில்லையம்மாள் சிரித்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அலமுவும் சிரித்தாள். டாக்டரே சிரித்தார். சபாபதியும் குழியில் உட்கார்ந்தபடி சிரிக்கத் தொடங்கினார். பாதியில் நிறுத்திவிட்டார்.

"இன்னாங்க?" என்றாள் தில்லையம்மாள்.

"அது எனக்கு வந்த வண்டி தில்லை," என்றார் சபாபதி.

அவள் சிரிப்பும் நின்றது. அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கரை நாடாவைக் கையில் எடுத்துக்கொண்டாள். சபாபதி குனிந்து குழிக்குள் ஒருமுறை பார்த்தார். இரண்டும் இருந்தன. ஆட்டத் தொடங்கினார்.